குதிரைக் கோயிலின் வயது

அந்த ஒரு பக்கத்தை எட்டாவது தடவையாகத் திருத்திக்கொண்டிருந்தபோது எங்கள் ஓனர் குருமூர்த்தி சார் எட்டிப் பார்த்து, "சுகுணா, சர்ச் வேலை முடிஞ்சுதா?" என்று கேட்டார். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அடித்துக்கொண்டே இருந்தேன். வாயைத் திறந்திருந்தால் என் பதினொரு வருஷ வேலை அன்றைக்கே போயிருக்கும்.

ஓசூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது எங்கள் அச்சகம். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கம்பெனிகளுக்கு டெலிவரி சலான் புத்தகம், ரோஜாப்பூ ஏற்றுமதிக்காரர்களின் பெட்டிகளுக்கு லேபிள், இவைதான் அன்றாட வேலை. நான் பேரிகையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து கம்ப்யூட்டரில் உட்காருவேன். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் அடிப்பேன். தப்பில்லாமல் அடிப்பேன். அதுதான் எனக்கு இருக்கிற ஒரே பெருமை. அந்தப் பெருமைக்குத்தான் அந்த வருஷம் சோதனை வந்தது.

ஆகஸ்ட் மாதம் மத்திகிரி ரோட்டுச் சர்ச்சின் நூற்றைம்பதாம் ஆண்டு மலர் எங்களிடம் வந்தது. வெள்ளைக்காரப் பட்டாளத்துக்குக் குதிரை பழக்கிய பண்ணை அந்தப் பக்கம் இருந்த காலத்தில், பண்ணை அதிகாரிகள் தங்களுக்காகக் கட்டிக்கொண்ட ஆங்கிலிகன் கோயில் அது. சுதந்திரம் வந்த வருஷம் தென்னிந்தியத் திருச்சபையோடு சேர்ந்தது. பெயர்ப்பலகையில் தூய பர்னபா ஆலயம் என்று எழுதியிருக்கும். ஆனால் ஆட்டோக்காரரிடம் அப்படிச் சொன்னால் விழிப்பார். குதிரைக் கோயில் என்றால் கொண்டுபோய் விடுவார்.

மலர் எண்பது பக்கம். பேராயர் வாழ்த்து, கலெக்டர் வாழ்த்து, பெண்கள் ஐக்கிய அறிக்கை, வாலிபர் அறிக்கை, குடும்பப் புகைப்படங்கள் எல்லாம் ஒரு வாரத்தில் முடிந்தன. முடியாமல் இழுத்தது ஏழாம் பக்கம். தலைப்பு, ஆலய வரலாறு.

அதைத் திருத்த இரண்டு பேர் வந்தார்கள். சேர்ந்து ஒரு நாளும் வரவில்லை.

ஒருவர் சபைச் செயலாளர் பால்துரை. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ஓசூருக்கு வந்து முப்பது வருஷம். வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் தரப்பரிசோதனைப் பிரிவில் சூப்பர்வைசர். சபை வரலாற்றை எக்செல் ஷீட்டில் அனுப்பிய ஒரே மனிதரை நான் பார்த்தது அப்போதுதான். முதல் கட்டத்தில் வருஷம், இரண்டாவதில் நிகழ்ச்சி, மூன்றாவதில் ஆதாரம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறுக்கு முன்னால் இருந்த கட்டங்கள் எல்லாம் ஏறக்குறைய காலி. கம்பெனிகள் வந்து, தெற்கிலிருந்து குடும்பங்கள் வந்து, சபை பெருகியது என்பதிலிருந்துதான் அவருடைய வரலாறு சூடுபிடிக்கும். ஒவ்வொரு புரூஃபின் மூலையிலும் சிவப்பு மையில் ரிவிஷன் நம்பர் போட்டுக் கையெழுத்திடுவார்.

இன்னொருவர் தேவப்பா. அறுபத்தாறு வயது. ஐந்து தலைமுறையாக அந்த மண்ணில் இருப்பவர். ரெண்டு ஏக்கரில் பாலிஹவுஸ் என்கிற பிளாஸ்டிக் கூடாரம் போட்டு ரோஜா வைத்திருந்தார். வீட்டில் கன்னடம், சந்தையில் தெலுங்கு, கோயிலில் தமிழ். எழுதுவதற்குச் சோம்பல் பட்டுத் திருத்தங்களை வாட்ஸப்பில் வாய்ஸ் மெசேஜாக அனுப்புவார். நாலு நிமிஷ மெசேஜில் மூன்றரை நிமிஷம் மாடு கத்தும்.

பால்துரை காலை ஷிப்டுக்குப் போகும் வழியில் வருவார்.

"மேடம், இந்த மூணாவது வரிய எடுத்துருங்க. தேவப்பாவோட பூட்டன்தான் அஸ்திவாரக் கல்லு வச்சாருன்னு போட்டிருக்கீய. ஆதாரம் என்ன இருக்கு?"

"அவருதான் சார் எழுதிக்கச் சொன்னாரு."

"சொன்னா ஆச்சா? நாளைக்கி நான்தான் கட்டுனேன்னு சொல்லுதேன். அதையும் போட்டுருவியளா?"

எடுத்துவிடுவேன். சாயங்காலம் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டுத் தேவப்பா வருவார்.

"மறுபடி எடுத்துட்டானா? போடும்மா நீ. அவன் நேத்து வந்தவன். நாங்க இங்கயே பொறந்து இங்கயே கெடக்கறோம். எங்களையே ஆதாரம் கேக்கறான்."

போடுவேன். மறுநாள் காலையில் எடுப்பேன். ஏழு தடவை இப்படி ஆனது. இரண்டு பேருக்கும் ஒத்துப்போன விஷயம் ஒன்றே ஒன்றுதான். அவர்களுடைய குருவானவரை நான் ஃபாதர் என்று அடித்திருந்தேன். அது கூடாது என்றார்கள். பால்துரை, தெற்கத்திச் சபை வழக்கப்படி 'ஐயர்' என்று போடச் சொன்னார். தேவப்பா, 'ஆயர்' என்று போடச் சொன்னார்.

எட்டாவது தடவை திருத்தும்போதுதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. வாழ்த்துச் செய்திகளைப் புரட்டிப் பார்த்தேன். பேராயர் செய்தியில் கோயில் கட்டிய வருஷம் 1875. பெண்கள் ஐக்கியத் தலைவியின் செய்தியில் 1871. வாலிபர் அறிக்கையில் 1880. நாலாவதாக ஒரு கவிதையில் இருநூறு ஆண்டு என்றே இருந்தது.

குருமூர்த்தி சாரிடம் காட்டினேன்.

"அவங்க குடுத்ததப் போடும்மா. நம்ம வேல அச்சடிக்கிறது."

"சார், எம்பது பக்கத்துல நாலு வருஷம் இருக்கு. படிக்கிறவங்க அவங்களத் திட்ட மாட்டாங்க. பிரஸ்காரங்களுக்கு அறிவில்லன்னு நம்மளத்தான் சொல்லுவாங்க."

"அப்ப நீயே கேட்டு ஒண்ணாப் போடு. விழாவுக்கு இன்னும் ரெண்டு வாரம்தான் இருக்கு. கவர் வேற சிவகாசியில அடிச்சு வந்துருச்சு."

கவர் வந்து மூலையில் கட்டாகக் கிடந்தது. அறுநூறு கவர். ஒவ்வொன்றிலும் தங்க நிறத்தில் 150.

அன்று மாலையே தேவப்பாவுக்குப் போன் செய்தேன். எந்த வருஷம் என்று கேட்டேன். எழுபத்தைந்து என்றார். எப்படித் தெரியும் என்றேன். ஆயர் அங்கி மாற்றும் வெஸ்ட்ரி ரூமில் போட்டோ இருக்கிறது என்றார். பால்துரையைக் கேட்டேன். அவரும் அந்தப் போட்டோவைத்தான் சொன்னார். அவருடைய எக்செல்லில் ஆதாரம் என்ற கட்டத்தில் 'போட்டோ' என்று இருந்தது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பழைய ஞானஸ்நானப் பதிவேடுகள் எங்கே என்று கேட்டேன். கரையான் தின்றுவிட்டது என்று இரண்டு பேருமே ஒரே மாதிரி சொன்னார்கள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் சனிக்கிழமை காலை பஸ் இறங்கி நேராகக் குதிரைக் கோயிலுக்கே போய்விட்டேன்.

உள்ளே போனது அதுதான் முதல் தடவை. எண்பது பேர் உட்காரலாம். சாம்பல் நிறக் கல் சுவர், ஓட்டுக்கூரை, பின்னால் நாலைந்து கல்லறைகள். வெளியே கோயிலைப் போல மூன்று மடங்குக்குத் தகரப் பந்தல். அதில் அடுக்கடுக்காகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், உள்ளே நடப்பதைக் காட்ட ஒரு பெரிய திரை. கம்பெனிக் குடும்பங்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பந்தலில்தான் உட்காருகிறார்களாம். முகப்பு மண்டபத்துக்கு மட்டும் தரையிலிருந்து ஆளுயரத்துக்குக் கறுப்புக் கிரானைட் ஒட்டி, பங்களா வாசல் மாதிரி பளபளவென்று வைத்திருந்தார்கள்.

ஆயர் இளவயதுக்காரர். மாற்றலாகி வந்து பதினொரு மாதம் ஆகியிருந்தது. போட்டோவைக் காட்டினார். நாற்பது பேர் வரிசையாக நிற்கிறார்கள். கீழே 'நூற்றாண்டு விழா, 1975' என்று இருந்தது. அவ்வளவுதான்.

"அஸ்திவாரக் கல் ஒண்ணு இருந்திருக்கணும்ல சார்? எங்க அது?" என்றேன்.

ஆயர் கிரானைட்டைப் பார்த்தார். "இதுக்குப் பின்னாடி இருக்குன்னு சொல்றாங்க. பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி கிருஷ்ணகிரியில பாலிஷ் யூனிட் வச்சிருந்த ஒருத்தர் காணிக்கையாக் குடுத்தாராம். சுண்ணாம்பு அடிச்சு அடிச்சுக் கல்லு எழுத்தே அப்பவே மறைஞ்சிருந்துச்சாம். அழகா இருக்கட்டும்னு எல்லாத்தையும் மூடிட்டாங்க."

"எந்த இடத்துலன்னு தெரியுமா?"

"நான் வந்து பதினொரு மாசம்தானேம்மா ஆகுது."

அங்கேயே நின்று சொன்னேன். கல்லைப் பார்க்காமல் நான் அச்சுக்குப் பிளேட் போட மாட்டேன், யார் வந்து சொன்னாலும் போட மாட்டேன் என்று. அப்படிச் சொல்ல எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. அந்தக் கோயில் எனக்கு உறவும் இல்லை. எங்கள் குலதெய்வம் பேரிகைக்குப் பக்கத்தில் ஆலமரத்தடியில் இருக்கிறது. ஆனால் ஏழு தடவை ஒரே வரியைப் போட்டுப் போட்டு எடுத்தவளுக்குக் கொஞ்சம் உரிமை வந்துவிடுகிறது.

ஆயருக்கும் உள்ளுக்குள் அதே எண்ணம் இருந்திருக்க வேண்டும். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கொத்தனாரை வரச் சொன்னார். செயலாளரையும் தேவப்பாவையும் ஒன்றாக வரச் சொன்னார்.

கொத்தனார் மாதேஸ்வரன் மத்தூர்க்காரர். கிரானைட்டை ஒட்டியவர்களில் அவரும் ஒருவர்.

"அப்ப எந்த இடம்னு ஞாபகம் இருக்கணுமே," என்றேன்.

"நாங்க மூணு பேரு ஒட்டுனோங்க. அந்தக் கல்லு என் பங்குல வரல," என்றார்.

சுத்தியல் காம்பால் ஒவ்வொரு பலகையாகத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். வாசலுக்கு வலப்பக்கம் ஒரு பலகையைக் காட்டினார். உளி வைத்துப் பெயர்த்தால் உள்ளே வெறும் சிமெண்ட். இரண்டாவது பலகை. அதுவும் வெறும் சுவர். பால்துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அரைநாள் லீவு போட்டு வந்திருந்தாராம். தேவப்பா, "நல்ல கிரானைட்ட வீணாக்கறீங்க, சாமி," என்று இரண்டு தடவை சொன்னார். அவருக்கு இதில் விருப்பமில்லை என்று எனக்குத் தோன்றியது. வரலாறு வரலாறு என்று தினமும் அச்சகத்துக்கு வந்தவர், இப்போது கோயில் வாசலில் நிற்கப் பிடிக்காமல் கேட் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது பலகை வாசலுக்கு இடப்பக்கம், இடுப்பு உயரத்தில். அது உடைந்து விழுந்ததும் சிமெண்டுக்கு அடியில் வெள்ளைக் கல் தெரிந்தது. மாதேஸ்வரன் இரும்புத் தகட்டால் மெதுவாகச் சுரண்டினார். தண்ணீர் ஊற்றித் துடைத்தார். ஆங்கில எழுத்து. ஆயர் குனிந்து படித்துத் தமிழில் சொன்னார்.

"கடவுளின் மகிமைக்காக. இந்தக் கல், குதிரைப் பண்ணை கேப்டன் விட்டேக்கரின் மனைவியால், ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தொன்பது ஜனவரி பதினொன்றாம் தேதி வைக்கப்பட்டது."

கேட்டுக்கு வெளியே ரோட்டில் 150 என்று போட்ட பேனர் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. விழாவுக்கு ஒன்பது நாள்.

பால்துரைதான் முதலில் கணக்குப் போட்டார். "நூத்தி முப்பத்தாறு."

"எழுவத்தஞ்சுல நூறு ஆகலயா அப்ப?" என்றார் ஆயர்.

"எம்பத்தாறு," என்று தேவப்பா முணுமுணுத்தார். எல்லாரும் அவரைப் பார்த்தோம். "எழுவத்தஞ்சுல எம்பத்தாறுதான் ஆகியிருந்துச்சு. அப்ப இருந்த ஆயருக்குக் கூர ஒழுகுச்சு. நூத்தாண்டுன்னு சொன்னாதான் பேராயர் வருவாரு, ஓடு மாத்துவாங்கன்னு பேசிக்கிட்டாங்க. அப்ப எனக்குப் பதினாறு வயசு. நான்தான் தோரணம் கட்டுனேன்."

"தெரிஞ்சேவா சும்மா இருந்தீய?" என்றார் பால்துரை. "ஒரு மாசமா இந்தம்மா உயிர எடுத்துக்கிட்டிருக்கோம். தெரிஞ்சே இருந்திருக்கீயளே. கல்லு வச்சது உங்க பூட்டன்னு வேற சொன்னீய. இங்க ஒரு வெள்ளைக்காரம்மா பேருல்லா இருக்கு."

தேவப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. இவ்வளவு நாளும் அவர் மேல் இருந்த எரிச்சல் அந்த நிமிஷம் எங்கே போனது என்று தெரியவில்லை. அவர் கோயிலைச் சுற்றி மேற்குப் பக்கம் நடந்தார். ஏதோ காட்டப் போகிறார் என்று நாங்களும் பின்னால் போனோம்.

ஜன்னலுக்கு மேலே, ஏணி வைத்தால் எட்டும் உயரத்தில், சுவரில் ஒரு இடம் மட்டும் வட்டமாகச் சிமெண்ட் வைத்து அடைத்திருந்தது.

"அது ஏசி பைப்புக்கு ஓட்ட போட்டுப் பாதியில விட்டதுல்லா?" என்றார் பால்துரை.

"பங்கா கயிறு வந்த ஓட்ட," என்றார் தேவப்பா. "அந்தக் காலத்துல கரண்ட் ஏது? உள்ள மோட்டுவளையில நீளமாத் துணி பங்கா தொங்கும். அதோட கயிறு இந்த ஓட்ட வழியா வெளிய வரும். வெளிய ஒருத்தர் உக்காந்து இழுப்பாரு. உள்ள இருக்கிறவங்களுக்குக் காத்து வரும். எங்க கொள்ளுத்தாத்தா சென்னப்பன் இங்க உக்காந்து இருவது வருஷம் இழுத்தாரு. கல்லெல்லாம் வைக்கல. அவர உள்ளயே விட்டதில்ல."

அவர் ஜன்னலடியில் தரையைக் காட்டினார். அங்கே இப்போது தண்ணீர் டேங்க் இருந்தது.

"கை வலிச்சா கால் கட்டவெரல்ல கயித்தக் கட்டிக்கிட்டு இழுப்பாராம். வெயிலோ மழையோ, ஆராதன முடியற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது. கேட்டுக் கேட்டு அந்த இங்கிலீஷ் ஜெபமெல்லாம் அவருக்கு மனப்பாடம். அர்த்தம் தெரியாது. ஒரு தடவ புதுசா வந்த பாதிரி ஏதோ ஒண்ண விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிட்டாராம். இவரு வெளிய இருந்து விட்டத எடுத்துக் குடுத்தாராம். உள்ள இருந்தவங்க பயந்துட்டாங்களாம்."

ஆயர் சிரித்துவிட்டார். தேவப்பா சிரிக்கவில்லை.

"அவரு கடைசி வரைக்கும் ஞானஸ்நானம் வாங்கல. அவரு பெரிய மகன், எங்க தாத்தா முனியப்பாதான் வாங்குனாரு. சின்ன மகன் வேணாம்னுட்டு மலைப்பக்கம் போயிட்டாரு. எழுவத்தஞ்சுல மலர் போட்டப்ப எங்கப்பா இதைத்தான் எழுதிக் குடுத்தாரு. பங்கா இழுத்தவர் கதையெல்லாம் மலர்ல எதுக்கு, கௌரவமா ஏதாவது எழுதுங்கன்னு கமிட்டியில சொல்லிட்டாங்க. எங்கப்பாவுக்கும் வெக்கமாப் போச்சு. கல்லு வச்சாருன்னு எழுதிட்டாரு. அவரு எழுதுனத நான் எப்படி இல்லங்கறது?"

கொத்தனார் மாதேஸ்வரன், "ஏணி கொண்டாரட்டுங்களா?" என்று கேட்டார். யாரும் கொண்டுவரச் சொல்லவில்லை. அன்று அதோடு கலைந்தோம்.

பிறகுதான் உண்மையான தலைவலி. புதன்கிழமை கமிட்டி கூடியது. எந்த வருஷத்தைப் போடுவது என்று முடிவாகத் தெரிந்துகொள்ளக் குருமூர்த்தி சார் என்னையும் அனுப்பினார். பதினான்கு பேர், பதினான்கு யோசனை. உடைந்த இடத்தில் புதுக் கிரானைட் ஒட்டிவிடலாம் என்றார் ஒருவர். கல் வைத்தது எண்பத்தொன்பது என்றாலும் பதினான்கு வருஷம் முன்பே மரத்தடியில் ஜெபம் நடந்திருக்கும் என்றார் இன்னொருவர். வாலிபர் சங்கத்துப் பையன் ஒருவன் கல்லைப் போட்டோ எடுத்து வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டதால் அமெரிக்காவிலிருந்துகூட ஆட்கள் கேள்வி கேட்க ஆரம்பித்திருந்தார்கள். தேவப்பாவே எழுந்து, "விட்ருங்க. நூத்தம்பதுன்னே இருக்கட்டும். இப்ப மாத்துனா ஊரே சிரிக்கும்," என்றார்.

பால்துரை சுவரோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் பேசினார்.

"எங்க லைன்ல ஒரு பார்ட்டு அளவு தப்பா வந்தா ஓரமா எடுத்து வச்சிருவோம். நல்லாத்தான இருக்கு, யாருக்குத் தெரியப்போவுதுன்னு அனுப்ப மாட்டோம். வண்டி ஓட்டுதவன் உயிருல்லா. எனக்கு இருவத்தேழு வருஷ சர்வீஸு. தப்புன்னு தெரிஞ்ச பொறவு ஓகே போட்டுக் கையெழுத்துப் போட என் கை வராது. உங்களுக்கு நூத்தம்பதுதான் வேணும்னா வேற செயலாளரப் பாத்துக்கிடுங்க."

ஒருவர், "பேராயருக்கு என்ன சொல்றது?" என்றார்.

பால்துரை அங்கேயே போனை எடுத்துப் பேராயர் அலுவலகத்துக்குப் பேசினார். கணக்கு தப்பாகிவிட்டது, நூற்று முப்பத்தாறுதான் ஆகிறது, மன்னிக்க வேண்டும் என்றார். ஒரு நிமிஷம் கேட்டுக்கொண்டிருந்தார். போனை வைத்துவிட்டு, "வேற ஒரு நாள் வருவாங்களாம்," என்றார். எந்த நாள் என்று யாரும் கேட்கவில்லை.

அந்த மனிதரை ஒரு மாதமாக மனசுக்குள் என்னென்னவோ திட்டியிருந்தேன். அன்றைக்குத் திட்ட முடியவில்லை. ஆனால் மறுநாள் காலையிலேயே அறுநூறு கவரிலும் 150 மேல் ஒட்ட ஸ்டிக்கர் வேண்டும், தங்க நிறம் அச்சு அசலாகப் பொருந்த வேண்டும், மூன்று மாதிரி காட்டுங்கள் என்று வந்து நின்றார். மறுபடி திட்டினேன்.

ஏழாம் பக்கம் இன்னும் பாக்கி. வெள்ளிக்கிழமை மதியம் தேவப்பா அச்சகத்துக்கு வந்தார். வழக்கமான நேரம் இல்லை. நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"பங்கா கதையப் போட்ரும்மா," என்றார்.

"நெஜமாவாண்ணா? அப்புறம் சாயங்காலம் வந்து எடுக்கச் சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன்."

அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். முடித்துவிட்டுப் படித்துக் காட்டினேன். 'ஆலயத்தின் மேற்குச் சுவருக்கு வெளியே அமர்ந்து, சென்னப்பன் என்பவர் இருபது ஆண்டுகள் பக்தியோடு பங்கா இழுத்தார்' என்று வந்ததும் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"பக்தியோடன்னு யாரு சொன்னா?"

"நான்தான் போட்டேன். வாசிக்கறப்ப நல்லா இருக்கும்னு."

"அதெல்லாம் வேணாம். வயித்துப் பொழப்புக்கு இழுத்தாரு. நம்ம பங்குக்கு ஒரு பொய் புதுசா எதுக்கு?"

எடுத்தேன். நான் அந்தப் பக்கத்தில் மனசார எடுத்த ஒரே சொல் அதுதான்.

மறுநாள் காலை பால்துரை புரூஃப் பார்த்தார். அந்த வரிக்கு வந்ததும் பேனாவை வைத்துவிட்டார்.

"ஆதாரம்?"

"சார், அவரே வந்து சொல்லிட்டுப் போயிருக்காரு. அவரு குடும்பத்துக்குக் கொறச்சல்னு நெனச்சதையே சொல்லியிருக்காரு. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?"

"அவரு சொல்லுதது நெசமாத்தான் இருக்கும் மேடம். ஆனா நாளைக்கி வேற ஒருத்தன் வந்து இதையும் இல்லன்னு சொல்லக் கூடாதுல்லா."

ஒன்றும் எழுதாமல் எழுந்து போனார். பன்னிரண்டு மணிக்குத் திரும்பி வந்தபோது சட்டையெல்லாம் சிமெண்ட் தூசி. கோயில் ஏணியைச் சாய்த்து அவரே ஏறி, அடைப்பைச் சுரண்டி எடுத்திருக்கிறார். போனில் படம் காட்டினார். ஓட்டைக்குள்ளே ஒரு மர உருளை. அதன் நடுவில் கயிறு உரசி உரசி விரல் பதியும் அளவுக்குப் பள்ளம்.

"ஆறு மில்லிமீட்டர் தேஞ்சிருக்கு," என்றார். "எவ்வளவு இழுத்திருந்தா மரம் இப்படித் தேயும், பாருங்க." கொஞ்ச நேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்தின் மூலையில் கையெழுத்துப் போட்டார்.

விழாவுக்கு முந்தைய நாள் பகல் முழுவதும் பெண்கள் ஐக்கியத்தார் பத்துப் பேர் எங்கள் அச்சகத் தரையில் உட்கார்ந்து ஸ்டிக்கர் ஒட்டினார்கள். நாற்பது கவரில் தலைகீழாக ஒட்டிவிட்டார்கள். அதை உரித்து எடுத்தது நான்.

விழாவுக்கு என்னையும் குருமூர்த்தி சாரையும் கூப்பிட்டிருந்தார்கள். பேராயர் இல்லை. ஆராதனை முடிந்ததும் ஆயர் மலரை வெளியிட்டார், பந்தலில் அசனச் சாப்பாடு போட்டார்கள். பேனரில் 150ஐ வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்து 136 என்று கையால் எழுதியிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரித்தார்களா என்று எனக்குத் தெரியாது. சாப்பாட்டுக்கு எல்லாரும் வந்திருந்தார்கள்.

சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு வேன் வந்து நின்றது. அஞ்செட்டி தாண்டி நாட்றாம்பாளையத்திலிருந்து பதினான்கு பேர். மலைப்பக்கம் போன சின்ன மகனின் வாரிசுகள். தேவப்பா சொல்லி அனுப்பியிருக்கிறார். ராகியும் அவரைக்காயும் விளைவிக்கிற குடும்பம். நெற்றியில் குங்குமமும் விபூதியுமாக வந்தவர்கள் கேட்டுக்குள் வரத் தயங்கி நின்றார்கள். பால்துரை போய்க் கூட்டிவந்து, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கமிட்டிக்காரர்களை எழுப்பிவிட்டு அங்கே உட்கார வைத்தார். எழுப்பப்பட்டவர்களில் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு சாப்பிடாமலே போய்விட்டார்கள்.

வேனில் வந்தவர்களில் மூத்தவர் சரோஜம்மாள். எழுபத்தைந்து வயது இருக்கும். சென்னப்பனின் கொள்ளுப்பேத்தி. தேவப்பா அவரை என் பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைத்து, "அக்காவுக்குத் தமிழ் படிக்க வராது. நீ கன்னடத்துல சொல்லும்மா," என்று விட்டுவிட்டுப் பந்தி பார்க்கப் போனார்.

ஏழாம் பக்கத்தை எடுத்து வரி வரியாகக் கன்னடத்தில் சொன்னேன். கேப்டன் மனைவி கல் வைத்தது, கூரை போட்டது, பங்கா, மர உருளை, முனியப்பா ஞானஸ்நானம் வாங்கியது. சரோஜம்மாள் தலையை அசைக்காமல் கேட்டார். சென்னப்பன் பெயர் வந்த இடத்தைத் திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். விரலை வைத்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். அந்த விரலுக்குக் கீழே எத்தனை வரி இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தார்.

"இஷ்டேனா?" என்றார். இவ்வளவுதானா?

நாலு வரி. ஆமாம் என்றேன்.

"இருவது வருஷம் இழுத்த மனுஷனுக்கு நாலு வரியா?" என்று கன்னடத்தில் கேட்டார். அந்த ஆளுக்கு வேலை போனது எப்படி, கடைசி வெள்ளைக்காரத் துரை கொடுத்த குதிரைக்குட்டி என்ன ஆனது, அவர் பெண்டாட்டி இதே கேட்டில் வந்து நின்று சண்டை போட்டது, எதையுமே இவர்கள் எழுதவில்லையே என்றார். எழுதியது யார் என்றார்.

அந்த நாலு வரிக்காக நான் பட்டதையெல்லாம் எந்த மொழியில் அவரிடம் சொல்வது? சாம்பார் வாளியோடு நின்றிருந்த பால்துரையைக் காட்டினேன். "அவரைப் போய்க் கேளுங்கம்மா" என்றேன்.

அவர் நிஜமாகவே எழுந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பால்துரையிடம் போனார். பால்துரைக்குக் கன்னடம் அரைகுறை. அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து கேட்பது தெரிந்தது. அடுத்து என்னைத்தான் தேடுவார்கள் என்று தோன்றியது. இலை காலியாக இருந்த வரிசையைப் பார்த்து நான் வேகமாகச் சாப்பிடப் போய்விட்டேன்.